சாலட் கிண்ணத்தில் காமம்பெருக்கிகள்

சாலட்டில் போடுகிற கீரை, காய்களில் எதற்கெல்லாம் காம உணர்வைத் தூண்டும் என்ற பெயர் பழங்காலம் தொட்டு உண்டு, அதில் உண்மை எவ்வளவு என்பது கேள்வி.

பெயரை மட்டும் சொல்வதென்றால் பட்டியல் நீளும். ராக்கெட் கீரை, லெட்டூஸ், வெங்காயம், பூண்டு, அஸ்பாரகஸ், செலரி, தக்காளி, கொண்டைக்கடலை, மாதுளை, அத்தி, பைன் கொட்டை. சமையலறையில் இருக்கும் பாதிப் பொருள்களை யாரோ ஒருவர் எப்போதோ கட்டிலோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, பழைய சான்று தெளிவாக இருக்கிற இரண்டு இலைகளைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றின் கதை அதிலேயே புரிந்துவிடும். அவை ராக்கெட்டும் லெட்டூஸும்.

ராக்கெட்டை இங்கே அருகுலா என்று விற்கிறார்கள். கடுகு, முள்ளங்கி குடும்பம். மென்றால் முதலில் கொட்டைப் பருப்பு மாதிரி ஒரு ருசி, அப்புறம் மூக்கில் ஏறும் காரம். ரோமானியர்கள் இதை எருகா என்றார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய கொலுமெல்லா, தோட்டத்தைப் பற்றிய பகுதியை மட்டும் செய்யுளில் எழுதினார். அதில் எருகாவைப் பிரியாபஸ் சிலைக்குப் பக்கத்தில் விதைப்பதாக ஒரு வரி வருகிறது. எதற்காம்? மந்தமாகக் கிடக்கும் கணவன்மாரை உசுப்பிவிட. பிரியாபஸ் ரோமானியத் தோட்டங்களின் காவல் தெய்வம். பெருத்த ஆண்குறியோடு மரத்தில் செதுக்கித் தோட்டத்தில் நட்டு வைப்பார்கள், திருடனும் பறவையும் அண்டாமல் இருக்க. அந்தச் சிலையின் காலடியில் இந்தக் கீரை.

கவிஞர் ஓவிட் இதே விஷயத்தை இரண்டு பக்கமும் எழுதியவர். காதலிக்கக் கற்றுக்கொடுக்கும் நூலில், மருந்து மாயம் எதையும் நம்பாதே என்று சொல்லிவிட்டு, மெகாரா ஊர் வெள்ளை வெங்காயம், தோட்டத்தில் வளரும் காமக் கீரை (ராக்கெட் என்றே உரைகாரர்கள் கொள்கிறார்கள்), முட்டை, ஹிமெட்டஸ் மலைத் தேன், பைன் கொட்டை ஆகியவற்றைச் சாப்பிடச் சொல்கிறார். பிறகு காதலிலிருந்து மீள வழி சொல்லும் நூலில் அதே வெங்காயமும் அதே ராக்கெட்டும் கூடாது என்கிறார். அங்கே அவர் சிபாரிசு செய்வது அருவதா. இரண்டு நூலிலும் அவர் ராக்கெட்டின் குணத்தை விளக்கவோ நிரூபிக்கவோ மெனக்கெடவில்லை. படிக்கிறவனுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இயற்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ரோமானியர் பிளினி சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ராக்கெட் காமத்தைக் கிளப்பும், லெட்டூஸ் அதற்கு நேர் எதிர்க் குணம் கொண்டது, அதனால் இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள், சூடும் குளிர்ச்சியும் சமப்பட்டுவிடும் என்று எழுதினார். அவர் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். இன்று ஐரோப்பிய உணவகத்தில் கலவைக் கீரை சாலட் கேட்டால் ராக்கெட்டும் லெட்டூஸும் ஒரே தட்டில்தான் வரும். அந்த ஜோடிக்கு இப்படி ஒரு பழைய கணக்கும் உண்டு.

எல்லோரும் நம்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் மார்ஷியல், லுபெர்கஸ் என்ற ஒருவனைக் கிண்டல் செய்கிறார்: உனக்கு எழும்பி வெகுகாலமாகிறது, ராக்கெட்டும் கிழங்கும் சாப்பிட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு இடத்தில், மனைவி கிழவி, உன் உறுப்போ செத்துவிட்டது, அப்படியிருக்க இந்தக் கிழங்கால் உனக்கு வயிறு நிறைவதைத் தவிர வேறு பலன் கிடையாது என்கிறார். இந்த விஷயத்தில் இதைவிட நேர்மையான மதிப்புரையை நான் படித்ததில்லை.

ராக்கெட்டின் பெயர் ரோமோடு முடியவில்லை. அரபு நாடுகளில் இதற்கு ஜர்ஜீர் என்று பெயர். ஜர்ஜீரின் மகிமை பெண்களுக்குத் தெரிந்தால் கட்டிலுக்கு அடியிலேயே விதைத்து வளர்ப்பார்கள் என்று அங்கே ஒரு பேச்சு வழக்கு உண்டு, எகிப்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். துபாயிலும் தோஹாவிலும் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு இந்தக் கீரை பழக்கம்தான். கறியோடும் மீனோடும் எலுமிச்சைத் துண்டு, பச்சை வெங்காயத்தோடு கட்டாக வைப்பார்கள். பக்கத்து மேஜைக்காரர் ஏன் கண்ணடித்தார் என்று அப்போது புரியாதவர்களுக்கு இப்போது புரியலாம்.

சரி, லெட்டூஸ். இங்கேதான் கதை தலைகீழாகிறது.

எகிப்தில் மின் என்று ஒரு கடவுள். வளத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரியவர், கோப்டோஸ் என்ற ஊர் அவருடைய தலைமையிடம். ஓவியமானாலும் சிற்பமானாலும் விறைத்த குறியோடுதான் நிற்பார். அவருக்குப் பின்னால் பல இடங்களில் உயரமாக நிற்கும் செடிகள் தெரியும். அவை லெட்டூஸ். இன்றைய உருண்டை லெட்டூஸ் போல இல்லை, ரோமெய்ன் வகை மாதிரி நிமிர்ந்து வளரும் நீள இலைகள். கர்னாக்கில் முதலாம் செனுஸ்ரெட் கட்டிய வெள்ளைக் கோயில் சுவரில் இதை இன்றும் பார்க்கலாம். ஏறத்தாழ 3900 ஆண்டுக்கு முந்தையது. அந்தக் கோயிலைப் பிற்கால மன்னர் பிரித்து, அதன் கற்களை மூன்றாம் கோபுர வாசலுக்குள் நிரப்புக் கல்லாகப் போட்டுவிட்டார். 20-ஆம் நூற்றாண்டில் அவற்றை வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினார்கள். சுவருக்குள் கிடந்ததால்தான் சிற்பம் இவ்வளவு கூர்மையாகத் தப்பித்தது.

லெட்டூஸ் ஏன் அந்தக் கடவுளுக்கு? தண்டை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். எகிப்தியர்களுக்கு அது விந்துவாகத் தெரிந்தது. நெட்டுக்குத்தாக வளரும் வடிவமும் சேர்ந்துகொண்டது.

கடலைத் தாண்டிக் கிரேக்கத்துக்கு வந்தால் அதே செடிக்கு அடியோடு வேறு பெயர். காதல் தேவதை அப்ரோடைட், செத்துப்போன தன் காதலன் அடோனிஸை லெட்டூஸ் பாத்தியில்தான் கிடத்தினாள் என்பது கதை. அதனால் யூபுலஸ் என்ற நகைச்சுவை நாடகக்காரர் லெட்டூஸைப் பிணத்துக்கான சாப்பாடு என்றார். பித்தகோரஸ் வழி வந்தவர்கள் ஒரு வகை லெட்டூஸுக்கு அலி என்றே பெயர் வைத்திருந்தார்களாம். ஏதென்ஸில் பெண்கள் அடோனிஸ் திருவிழாவுக்கு உடைந்த சட்டிகளில் லெட்டூஸும் சோம்பும் விதைத்துக் கூரைமேல் வைப்பார்கள். பார்ப்பதற்கு நம்மூர் முளைப்பாரி மாதிரிதான். ஆனால் நாம் செழிக்க வேண்டும் என்று வளர்க்கிறோம், அவர்கள் வாடுவதற்காகவே வளர்த்தார்கள்.

இரண்டு ஊருக்கும் செடி ஒன்று, பால் ஒன்று. அந்தப் பாலில் லாக்டூசின், லாக்டூகோபிக்ரின் என்ற கசப்புப் பொருள்கள் இருக்கின்றன. காட்டு லெட்டூஸில் அவை கூடுதல். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வலியும் துடிப்பும் அடங்கின. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாலை உலர்த்தி, லெட்டூஸ் அபின் என்ற பெயரில் இருமலுக்கும் தூக்கத்துக்கும் மருந்தாக விற்றார்கள். ஆக, எகிப்தியர் பாலின் நிறத்தைப் பார்த்தார்கள், கிரேக்கர் சாப்பிட்ட பிறகு வந்த மந்தத்தைப் பார்த்தார்கள். ஒரே இலைக்கு எதிரெதிரான இரண்டு புகழ் வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். காமத்தைத் தூண்டும் உணவு என்று எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், இவர்கள் செடியில் எதைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் பார்த்திருப்பார்கள். ஒன்று வடிவம். அஸ்பாரகஸ் தண்டுக்குப் பெயர் வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அதன் உறவுக்காரச் செடிதான் நம் தண்ணீர்விட்டான். அதன் கிழங்கைச் சித்தமும் ஆயுர்வேதமும் தாது விருத்திக்குச் சொல்கின்றன. கிழங்கு மருந்து, தண்டு சாலட், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விதை நிறைந்த மாதுளையும் அத்தியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது சூடு. நாக்கில் காரமாக இருப்பது உடம்பையும் சூடாக்கும், சூடு ஏறினால் ஆசையும் ஏறும். கிரேக்க மருத்துவத்தின் இந்தக் கணக்கைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, இன்றும் சூடு, குளிர்ச்சி என்று பிரித்துத்தானே சாப்பிடுகிறோம். சித்த மருத்துவ நூல்களில் ஒரு மூலிகையின் செய்கையைச் சொல்லும்போது காமம்பெருக்கி என்று தனியாகவே ஒரு வகை உண்டு. முருங்கைக்காய் என்றதும் வரும் சிரிப்புக்குச் சினிமா காரணம் என்றாலும், முருங்கைப் பூவை அந்த வகையில் சேர்த்தது சினிமாவுக்கு வெகுமுன்பே நடந்தது.

மூன்றாவதுதான் வேடிக்கை: வாயு. விறைப்பு என்பது உள்ளே காற்று நிரம்புவதால் நடப்பது என்று பழைய மருத்துவர்கள் நினைத்தார்கள். அப்படியானால் வயிற்றில் வாயுவைக் கிளப்பும் எதுவும் அந்த வேலைக்கும் உதவ வேண்டும் அல்லவா? 11-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்கு வந்து, அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனவர் கான்ஸ்டன்டைன் ஆப்பிரிக்கானுஸ். உடலுறவைப் பற்றி அவர் பெயரில் ஒரு நூல் இருக்கிறது. சத்து, சூடு, வாயு மூன்றும் ஒரே பொருளில் வேண்டுமென்றால் கொண்டைக்கடலை என்கிறது அந்த நூல். அவர் மோன்டே கசினோ மடத்தில் துறவியாக இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெங்காயத்துக்கு இதில் இரண்டு உண்டு, காரமும் வாயுவும். அதனால்தான் அது எல்லா நாட்டுப் பட்டியலிலும் வருகிறது. 15-ஆம் நூற்றாண்டு துனிஸில் எழுதிய ஷேக் நஃப்சாவி வெங்காயச் சாற்றைத் தேனில் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். நம் நாட்டில் இதன் மறுபக்கம் நடந்தது. துறவிகளுக்கும் மாணவப் பிரம்மச்சாரிகளுக்கும் வெங்காயம், பூண்டு விலக்கு. வங்காளத்தில் மேல்சாதி விதவைகளுக்கு மீன், இறைச்சியோடு வெங்காயம், பூண்டும் கிடையாது, உடம்பு சூடேறக் கூடாது என்று. இந்த நம்பிக்கையால் கட்டிலில் பலன் கண்டவர்களைவிட, சாப்பாட்டுத் தட்டில் தண்டனை அனுபவித்தவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

ஓவிட் சொன்ன வெங்காயமும் மார்ஷியல் சொன்ன கிழங்கும் ஒன்றுதான், அது நாம் சமைக்கிற வெங்காயமாக இருக்காது. லம்பஷோனி என்று தென்னித்தாலியில் சொல்லும் காட்டுப் பூச்செடியின் கிழங்காகத்தான் பெரும்பாலும் இருக்க வேண்டும் என்பார்கள். சின்ன வெங்காயம் அளவு, இளஞ்சிவப்புத் தோல், கடுமையான கசப்பு. தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுத்து, வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் வினிகரும் ஊற்றிச் சாலடாகவே பூலியா மாநிலத்தில் இன்றும் சாப்பிடுகிறார்கள். ஓவிட் தவிர்க்கச் சொன்ன கிழங்கு வகைகளில் ஒன்று தௌனியா ஊருடையது. பூலியாவின் வடபகுதிதான் அந்தத் தௌனியா. ஃபோஜியா நகரம் இருக்கும் இடம். அந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தக்காளி 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த புதுமுகம், புதிதாக வந்த எல்லாவற்றுக்கும் கிடைத்த பெயர் அதற்கும் கிடைத்தது. சோம்புச் செடிக்கும் அந்தப் பெயர் உண்டு. செலரி கொஞ்சம் சுவாரசியம். ஆண் பன்றியின் எச்சிலில் இருந்து பெண் பன்றியை மயக்கும் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் செலரியிலும் இருப்பதாக ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் கண்டுபிடித்தார்கள். அதை வைத்துச் செலரியைக் கடித்தால் ஆள் மயங்கிவிடுவார் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். இருப்பது துளியிலும் துளி. பன்றிக்கு வேலை செய்வது மனிதனுக்கும் செய்யும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இனி உண்மை எவ்வளவு என்பது. காமத்தைத் தூண்டுவது என்று நாம் ஒரே மூச்சில் சொன்னாலும் அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: ஆசை, விறைப்பு, கருத்தரிக்கும் திறன். இங்கே முதல் இரண்டை மட்டும் பார்ப்போம். ஆசையை வரவழைக்கும் கீரை எதுவும் இதுவரை சோதனையில் தேறவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1989-இல், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் எந்தப் பொருளும் தன்னைக் காமம்பெருக்கி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, ஒன்றுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று விதி போட்டது. அந்த விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவற்றில் சோம்பும் உண்டு.

விறைப்பு என்பது ரத்த ஓட்டக் கணக்கு. இங்கேதான் ராக்கெட்டுக்குக் கொஞ்சம் யோகம். இது மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சிச் சேர்த்துவைப்பதில் கீரைகளில் முன்வரிசை. எவ்வளவு என்றால், ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ராக்கெட்டுக்குத் தனி வரம்பு வைக்க வேண்டியதாயிற்று: கிலோவுக்கு கோடையில் 6000 மில்லிகிராம், குளிர்காலத்தில் 7000. சாதாரண லெட்டூஸுக்கு அது 3000 முதல் 5000 வரைதான். நாம் சாப்பிட்ட நைட்ரேட்டை வாயில் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தி விரிப்பது இதுதான். இதன் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-இல் நோபல் பரிசு. அதே வருடம் மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில், அதாவது வயாகரா, இந்த நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைக்கும் வேலை சீக்கிரம் கலைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை.

இதில் ஒரு முரண்நகை இருக்கிறது. சிப்பாய்களின் ஆசையை அடக்க அவர்கள் சாப்பாட்டில் வெடியுப்பு கலக்கிறார்கள் என்று மேற்கத்திய ராணுவ முகாம்களில் காலங்காலமாக ஒரு வதந்தி. வெடியுப்பு என்பதும் நைட்ரேட்தான். ராக்கெட்டில் கிளப்பும், வெடியுப்பில் அடக்கும்!

சரி, அப்படியானால் ராக்கெட் வேலை செய்யுமா? ஒரு கைப்பிடி இலைக்கு மாத்திரையின் வேகமோ பலமோ கிடையாது. 2008-இல் லண்டன் ஆய்வு ஒன்றில் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் 10 புள்ளி அளவுக்கு இறங்கியது. பீட்ரூட்டும் நைட்ரேட் நிறைந்தது. குழாய் தளர்கிறது என்பதற்கு அது சான்று, படுக்கையறைக்குச் சான்று இல்லை.

தர்பூசணியும் இந்த வரிசையில் வருகிறது. அதில் சிட்ருலின் என்ற அமினோ அமிலம் உண்டு. உடம்பில் அதுவும் கடைசியில் நைட்ரிக் ஆக்சைடுக்கே உதவுகிறது. 2008-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பீமு பாட்டீல் இதைப் பற்றிப் பேசியதும் தர்பூசணி வயாகரா என்று உலகமெங்கும் செய்தி பறந்தது. 2011-இல் லேசான விறைப்புக் குறைபாடு உள்ள 24 ஆண்களுக்குத் தினம் 1.5 கிராம் சிட்ருலின் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்கு முன்னேற்றம். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட மாதத்தில் அது 2 பேருக்குத்தான். ஆய்வு நடந்த இடம் ஃபோஜியா, ஓவிட் எச்சரித்த அதே தௌனியா. ஆய்வு சின்னது, கொடுத்ததும் பழமில்லை, பிரித்தெடுத்த சிட்ருலின். அந்த அளவைப் பழத்திலிருந்து எடுக்கத் தினமும் நிறையத் தர்பூசணி சாப்பிட வேண்டிவரும்.

இவற்றையெல்லாம்விடக் கனமான சான்று வேறு இடத்தில் இருக்கிறது. நேப்பிள்ஸில் உடல் பருமனும் விறைப்புக் குறைபாடும் உள்ள 110 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவு முறை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு பற்றி விரிவான வழிகாட்டல், மற்றதற்குப் பொதுவான ஆலோசனை மட்டும். இரண்டு ஆண்டு கழித்து முதல் குழுவின் 55 பேரில் 17 பேருக்குச் சரியானது, இரண்டாவதில் 3 பேருக்கு. 2004-இல் வெளியானது. ஆக, சாலட் உதவும், ஆனால் ஒரு ராத்திரிக்கு இல்லை, இரண்டு வருடத்துக்கு. அதுவும் பொரித்த கோழிக்குப் பதிலாகச் சாப்பிட்டால், பொரித்த கோழியோடு சேர்த்துச் சாப்பிட்டால் அல்ல.

விறைப்புக் குறைபாடு தொடர்ந்து இருந்தால் கீரைக் கடைக்கு முன் டாக்டரிடம் போங்கள். அந்த உறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை, அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். சர்க்கரையும் மாரடைப்பு அபாயமும் இப்படித்தான் பலருக்குத் தெரியவருகிறது. மூலிகை என்று சொல்லி விற்கும் வீரியப் பொடிகளில் சில்டெனாஃபிலையே ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க நிர்வாகம் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்து. ராக்கெட்டில் உள்ள நைட்ரேட்டால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரை சாலடைக் கூட்டக் கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். இன்னொன்று, கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாயைக் கொப்பளித்தால் நைட்ரேட்டை மாற்றும் பாக்டீரியாக்களும் போய்விடும். ராக்கெட் சாப்பிட்டுவிட்டு வாய் மணக்க வேண்டும் என்று அதைச் செய்கிறவர் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

பிளினி சொன்ன ஜோடியைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசையென்றால், ஒரு பங்கு ராக்கெட்டுக்கு இரண்டு பங்கு ரோமெய்ன் லெட்டூஸ் எடுங்கள். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, மெல்லிசாக அரிந்த வெங்காயம், மாதுளை முத்து. பைன் கொட்டை விலை அதிகம், வறுத்த வேர்க்கடலை போதும். எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் உப்பும் சாப்பிட உட்காரும்போது கலந்தால் போதும், முன்பே கலந்தால் ராக்கெட் துவண்டுவிடும்.